பஸ் டிரைவருக்குச் சொல்லும் நன்றி

லண்டனிலிருந்து என் தங்கை தேவி போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணே, ஒனக்குச் சீனம் இன்னும் மறக்கலதானே?"

மறக்க வழியில்லை. மலேசியாவில், ஈப்போவில் நான் வேலை பார்ப்பது இரும்புச் சாமான் மொத்தக் கடையில். தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். சரக்கு சீனாவிலிருந்து வருகிறது. திட்டு வாங்குவதும் சீனத்தில்தான். சின்ன வயதில் எங்கள் ரயில்வே குடியிருப்புக்கு எதிரே சீனப் பள்ளி இருந்தது. தமிழ்ப் பள்ளிக்குப் பஸ் மாறிப் போக வேண்டும். அப்பா அலைச்சலைப் பார்த்து என்னை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு வேலை கிடைத்த பிறகு அதைத் தன் தொலைநோக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

விஷயம் இதுதான். தேவியின் ஒரே மகள் மதுரா, ஹாவ் என்ற சீனப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். இரண்டு பேரும் லண்டனில் ஒரே ஆஸ்பத்திரியில் மருந்தாளர்கள். பையனின் அப்பாவும் அம்மாவும் சீனாவின் செங்டூ நகரத்திலிருந்து ஒரு வாரத்துக்கு வருகிறார்கள். பெண்ணோடு பழகிப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பும் முன் ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கள் முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. அப்பா எதற்கும் தலையாட்டுகிறவர். அம்மா வாயிலிருந்துதான் வார்த்தை வர வேண்டும். அந்த அம்மா, தன் மகன் மொழிபெயர்க்கக் கூடாது, அவன் தனக்குத் தோதாக மாற்றிச் சொல்லிவிடுவான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். பெண்ணின் மாமன் என்றால் பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். மாமன் என்றால் பொய் சொல்லக் கொஞ்சமாவது கூச்சப்படுவார், வரட்டும் என்றாராம். ஆக, நான் போனேன்.

விமான நிலையத்தில் ரயிலேறும் இடத்தில் என் பெட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஒருவர், "மிகவும் மன்னிக்க வேண்டும், உங்களைக் கொஞ்சம் தாண்டிப் போக முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் யோசிப்பதை என்னிடம் ஏன் சொல்கிறார் என்று எனக்கு விளங்குவதற்குள் கதவு மூடி ரயில் போய்விட்டது. ஈப்போவில் என்றால் பெட்டியைக் காலால் நகர்த்தியிருப்பார்கள். இருவருமே ரயிலைப் பிடித்திருப்போம்.

கிங்ஸ்பரியில் தேவியின் கணவர் சிவநேசன் வாசலிலேயே நின்றிருந்தார். தேவி இந்த ஊருக்குப் படிக்க வந்தவள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர். இப்போது தரைவிரிப்புக் கடை வைத்திருக்கிறார். "வாங்கோ மச்சான். குளிர் பிடிச்சிட்டுதே? முதல்ல இருந்து சாப்பிடுங்கோ, கதையெல்லாம் பிறகு" என்று என்னைச் சாப்பாட்டு மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனார். இடியப்பம், சொதி, கணவாய்க் கறி. போதும் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து மதுரா வந்தாள். அவள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். மாமா, அம்மா, அப்பாவும் வீட்டுப் பேச்சில் ஓரிரு வரியும்தான் தமிழில் வரும். வருங்கால மாமியாருக்காக ஒரு வருஷம் மாலை வகுப்பில் சீனம் படித்திருக்கிறாள். சொல்லிக் காட்டு என்றேன். தயவுசெய்து, மிக்க நன்றி, உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன், தாங்கள் முதலில் அமருங்கள் என்று வரிசையாகச் சொன்னாள். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. கொடு, எடு, நகரு என்பதற்கெல்லாம் என்ன என்றேன். அதெல்லாம் வகுப்பில் வரவில்லை, ஹாவ் சமைக்கும்போது கத்துவதைக் கேட்டிருக்கிறேன் என்று சிரித்தாள்.

மறுநாள் காலை வெம்பிளியில் அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன். ஹாவின் அம்மா சென், ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். குள்ளம், கட்டையாக வெட்டிய முடி. ஹாவின் அப்பா லீ, உயரம், கழுத்தில் கேமரா. சீனாவில் கல்யாணமான பெண்களும் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். மிசஸ் லீ என்று கூப்பிட வேண்டாம் என்று தேவியிடம் முன்பே சொல்லியிருந்தேன். நான் அவரைச் சென் அக்கா என்று கூப்பிட்டேன். முன்பின் தெரியாதவரை அக்கா என்பதில் சீனருக்கும் நமக்கும் ஒரு தடையுமில்லை.

அவர் எழுந்து நின்று, கைகளைக் கோத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். "உங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி. நீங்கள் வந்தது மிகுந்த கருணை." சொல்லி முடித்ததும் பெருமூச்சு விட்டுச் சீனத்துக்கு இறங்கினார். "சாப்பிட்டாச்சா?"

அவரும் ஒரு வருஷமாகப் போனில் ஆங்கிலம் படித்திருக்கிறார். போனுக்குள் இருக்கும் பெண், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் அந்த உப்பை எனக்கு நகர்த்த முடியுமா என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறாள். உப்புக்கு இவ்வளவா என்று கேட்டார். இங்கே அப்படித்தான் என்றேன். கொஞ்ச நேரம் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "உங்கள் சீனம் சந்தையில் மீன் விற்கிறவர் பேசுவது போல இருக்கிறது" என்றார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது.

கிங்ஸ்பரிக்குப் பஸ் ஏறினோம். பாதி வழியில் ஒலிபெருக்கி, இந்தப் பஸ் போகும் இடம் மாற்றப்பட்டிருக்கிறது என்று பதமான குரலில் அறிவித்தது. அதாவது, போகாது, இறங்குங்கள். வெளியே தூறல். எங்கள் ஊராக இருந்தால் டிரைவரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றிருக்கும். இங்கே எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு முன்கதவு வழியாக வரிசையாக இறங்கினார்கள். இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவரிடம் "தேங்க்யூ" சொன்னார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண் இரண்டு தடவை சொன்னாள்.

லீ குடையை விரித்துக்கொண்டே சிரித்தார். சென் அக்கா சிரிக்கவில்லை. "அவன் இவர்களுக்கு என்ன உதவி செய்தான்?"

"ஒன்றும் செய்யவில்லை. இங்கே நன்றி என்பது கதவைச் சாத்துவது மாதிரி. உனக்கும் எனக்கும் உள்ள வேலை முடிந்தது, போய் வா என்று அர்த்தம்."

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இந்த விளக்கத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். மொழிபெயர்க்க வந்தவன் வியாக்கியானம் செய்யப் போனால் இப்படித்தான் ஆகும்.

மதியச் சாப்பாடு கிங்ஸ்பரி வீட்டில். செங்டூக்காரர்களுக்குக் காரம் பழக்கம். கணவாய்க் கறியை வாயில் வைத்ததும் சென் அக்கா கண்களை மூடித் திறந்தார். இன்னும் கொஞ்சம் என்று சிவநேசன் அகப்பையோடு வந்தார். சென் அக்கா வேண்டாம் என்று தட்டைக் கையால் மூடினார். சிவநேசன் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு ஊற்றினார். மறுபடியும் வந்தார். மறுபடியும் வேண்டாம். மறுபடியும் ஊற்றினார். இருவரும் ஒரே பாஷை பேசுவது போல விளையாட்டு சுமுகமாக நடந்துகொண்டிருந்தது. மதுராவால்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்பா, அவ வேண்டாமெண்டு சொல்லிட்டா. ப்ளீஸ், விடுங்கோ."

"நீ சும்மா இரு பிள்ளை. வேண்டாமெண்டு சொல்லுறது எல்லாரும் சொல்லுறதுதான். அதைக் கேட்டுக்கொண்டு நிண்டால் ஒருத்தரும் சாப்பிடேலாது."

"ஒருத்தர் நோ என்றால் நோதான், அப்பா" என்று மதுரா ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்லி, அகப்பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

பெண் என்ன சொல்கிறாள் என்று சென் அக்கா என்னைக் கேட்டார். வேண்டாம் என்றவருக்கு மேலும் வைக்காதே என்கிறாள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். "ஓ" என்றார். கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் எதையும் எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பரிசு வந்தது. பட்டுநூல் அடைத்துத் தைத்த ஒரு கனமான போர்வை. அந்த ஊரில் பையனின் அம்மா புதுத் தம்பதிக்குக் கொடுப்பது அது. பெட்டியில் போட்டால் நசுங்கும் என்று விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் முடிவு எதுவானாலும் குளிருக்குப் போர்வை வேண்டும்தானே என்றார். தேவி இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைக்கத்தான் எழுந்தாள். நானும் அதைத்தான் செய்திருப்பேன்; கொடுத்தவர் முன்னால் பரிசைப் பிரிப்பது எங்களுக்கு வழக்கமில்லை. மதுரா விடவில்லை. எல்லோர் முன்னாலும் நாடாவை அவிழ்த்து, விரித்து, முகத்தில் வைத்துப் பார்த்து, எவ்வளவு அழகு, எவ்வளவு அன்பு, நன்றி, மிக்க நன்றி என்று சீனத்தில் வகுப்புப் பாடம் முழுவதையும் கொட்டினாள். கடைசியில் ஆங்கிலத்தில், நீங்கள் இதைச் செய்திருக்கவே வேண்டாம் என்றாள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்காமல் விழுங்கிவிட்டேன்.

அன்றும் மறுநாளும் நான் கவனித்தேன். மதுராவுக்குத் தண்ணீர் கொடுத்தால் நன்றி, கதவைப் பிடித்தால் நன்றி, ஆரஞ்சு உரித்துக் கொடுத்தால் நன்றி. சென் அக்காவும் சளைக்கவில்லை. போன் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தில், ஆட்சேபணை இல்லையென்றால், சிரமம் இல்லையென்றால் என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரு வருஷம் கண்விழித்துப் படித்தவர்கள். இரண்டு வியாபாரக் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதுவது போல இருந்தது. ஹாவ் நடுவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவர்களை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பெண் கும்பிடும் சாமியைப் பார்க்க வேண்டும் என்று சென் அக்கா கேட்டிருந்தார். லீக்கு எலிசபெத் லைன் ரயிலைப் படம் எடுக்க வேண்டும். ரயில் குலுங்கியதில் சென் அக்கா ஒருவர் காலை நன்றாக மிதித்துவிட்டார். மிதிபட்டவர் "சாரி" என்றார். சென் அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. பஸ்ஸில் விளக்கியது போதும். லீதான் அதைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் தன் கேமராவைத் தானே இடித்து அதனிடம் சாரி சொல்லிக்கொண்டு வந்தார்.

கோயிலில் பூசை முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா சென் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். மொழி தெரியுமா தெரியாதா என்றெல்லாம் யோசிக்கவில்லை. "இந்தாங்கோ, பிடியுங்கோ. இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்று தட்டைக் கையில் திணித்துத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் சென் அக்கா.

"சாப்பிடச் சொல்லி உத்தரவு."

சென் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாருமே தனக்கு உத்தரவு போடவில்லை என்றார். சோற்றைப் பிசையத் தெரியாமல் பிசைந்து பாதி சாப்பிட்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். போர்வைக்கு நன்றி சொல்லி மதுரா முந்தின நாள் ஹோட்டலில் கொடுத்துவிட்டுப் போன வாழ்த்து அட்டை. பரிசு வந்தால் அட்டை எழுதி அனுப்புவது இங்கே வளர்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். சீன எழுத்தில் எழுதியிருந்தாள், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"என் மகளாக வரப்போகிறவள் எனக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறாள்" என்றார். "வார்டில் நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது இப்படி எழுதிக் கொடுப்பார்கள். அதற்கப்புறம் அவர்களைப் பார்க்கவே மாட்டோம்."

இங்கே இது வழக்கம், அவள் மனதில் ஒன்றுமில்லை, மூச்சு விடுவது போல இது என்றேன்.

"தெரியும். நானும் பார்த்தேனே. வழியில் இறக்கிவிட்ட பஸ் டிரைவருக்கும் சொன்னார்கள். கதவைச் சாத்துகிறார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் நானும் பஸ் டிரைவரும் ஒன்றா?"

லீ தூண்களைப் படம் எடுக்கப் போயிருந்தார். சென் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை சரி என்று சொல்லிவிடுவேன். வளர்ந்த பிள்ளைகள், தடுக்க மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்கு வர மாட்டோம். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் வீட்டில் நான் விருந்தாளி என்றால் எனக்குப் போக வீடே இல்லை. அதைக் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம் என்றுதான்."

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. அதுதான் சங்கடம். சீனப் பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரன் வீட்டில் தினமும் மத்தியானம் நூடுல்ஸ் சாப்பிடுவேன். ஒருநாள் பள்ளியில் மரியாதைப் பாடம் நடந்திருந்தது. அந்தப் பெருமையில் அவன் அம்மாவிடம் நன்றி என்றேன். அவர் கிண்ணத்தை வெடுக்கென்று வைத்துவிட்டு, "என்ன, இன்றைக்கு வெளியாள் ஆகிவிட்டாயா?" என்று கேட்டார். இப்படித் தன்னைத் தானே வெளியே நிறுத்திக்கொள்வதற்குச் சீனத்தில் ஒரு சொல்லே உண்டு. அது திட்டுச் சொல். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? நான் என் அம்மாவுக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

சாயங்காலம் கிங்ஸ்பரியில் மதுராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பஸ் டிரைவர் உட்பட. அவள் முதலில் சிரித்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"அந்த அட்டைக்கு நான் ஒரு இரவு முழுக்க எழுதிப் பழகினேன் தெரியுமா, மாமா? அவரிடம் நான் முரட்டுத்தனமாக நடக்க வேண்டுமா? நன்றி சொல்லாமல் ஒரு பொருளை வாங்கினால் எனக்குத் திருடியது போல இருக்கும்."

"சீனர மட்டும் சொல்லாத" என்றாள் தேவி. அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கு அஞ்சு வயசு இருக்கும். ஸ்கூல் விட்டு வந்த ஒடனே பால் குடுத்தேன். தேங்க்யூ மம்மின்ன. எனக்குப் பொசுக்குனு ஆயிருச்சு. ஹோட்டல்ல வேல செய்ற மாதிரி இருந்துச்சு."

மதுரா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நீங்கள் சொல்லவே இல்லையே, அம்மா."

"என்னன்னு சொல்றது? தேங்க்யூ சொன்ன பிள்ளைய யாராச்சும் திட்டுவாங்களா?"

சிவநேசன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். இருபத்தைந்து வயதுப் பெண் அழப்போகிறவள் போல நின்றதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நன்றி என்ற சொல்லை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று அவளுக்கு யோசனை சொன்னேன். அதுவும் நல்ல யோசனை இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்து ரெய்னர்ஸ் லேனில், மதுராவும் ஹாவும் எடுத்திருந்த சின்ன ஃபிளாட்டில். சமையலறையும் கூடமும் ஒன்றுதான். மதுரா தானே செங்டூச் சமையல் செய்வதாகச் சொல்லியிருந்தாள். சென் அக்கா உள்ளே வந்ததும் ஆப்பிள் பையை நீட்டினார். மதுரா வாயைத் திறந்தாள், மூடினாள், பையை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். சென் அக்கா அவள் காலருகே வீட்டுக்குள் போடும் செருப்பை எடுத்து வைத்தார். மறுபடியும் வாய் திறந்து மூடியது. நன்றியை எடுத்துவிட்ட இடத்தில் வைக்க அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. வெறும் மௌனம்தான் இருந்தது. நன்றியைக் காட்டிலும் அது மோசமாக இருந்தது. சென் அக்கா சோபாவின் நுனியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார், டாக்டருக்குக் காத்திருக்கிறவர் போல. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்ற முகம். நான் ஊர் திரும்பும் விமானத்தை நினைத்துக்கொண்டேன்.

மதுரா அடுப்புக்குத் திரும்பினாள். வாணலியில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் ஒரு கிண்ணம் காய்ந்த மிளகாயை அப்படியே கொட்டிவிட்டாள். நெடி கிளம்பியது. தமிழர், சீனர் வித்தியாசமில்லாமல் எல்லோரும் இருமினோம். எண்ணெய் பக்கென்று பற்றிக்கொண்டது. கூரையிலிருந்த புகை அலாரம் காதைக் கிழித்தது. ஹாவ் கையில் தண்ணீர்ச் செம்போடு பாய்ந்தான்.

"ஆ-யீ" என்று மதுரா கத்தினாள். சீனத்தில் அத்தை, சித்தி யாரையும் அப்படித்தான் கூப்பிடுவது. "சீக்கிரம். மூடி. கொடு. அவனைப் பிடி."

ஒரு தயவுசெய்தும் இல்லை, ஒரு தாங்களும் இல்லை. எல்லாம் ஹாவ் அடுப்பருகே அவளை விரட்டும் சொற்கள். சென் அக்காவின் கைப்பை தரையில் விழுந்தது. ஒரு கையால் மகனை நெஞ்சில் தள்ளினார், மறு கையால் பெரிய மூடியை எடுத்து மதுராவிடம் நீட்டினார். மதுரா பிடுங்கி வாணலியை மூடினாள். சென் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, துண்டை எடுத்து மதுரா கையில் திணித்து, அலாரத்துக்குக் கீழே விசிறு என்றார். அவள் விசிறினாள். லீ எல்லா ஜன்னல்களையும் திறந்தார். சிவநேசன் மூக்கைப் பொத்திக்கொண்டே, "கறிக்கு வாசம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அலாரம் நின்றது. அதற்கப்புறம் சென் அக்கா பிடித்தார் பிடி. எண்ணெய் இவ்வளவு காய்ந்த பிறகா மிளகாய் போடுவது, உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது, கண்ணை எங்கே வைத்திருந்தாய். வேகத்தில் செங்டூப் பேச்சு கலந்துவிட்டது. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பிடிபட்டதைச் சொன்னேன்.

"வீடியோவில் அப்படித்தான் போட்டார்கள்" என்று மதுரா எதிர்த்துப் பேசினாள்.

"வீடியோவில் வருகிறவனா உன் வீட்டில் சாப்பிடப் போகிறான்? தள்ளு."

மதுரா தள்ளினாள். சென் அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பைக் கைப்பற்றினார். பூண்டு என்றார், அவள் கொடுத்தாள். அது இல்லை, இது என்றார், அவள் மாற்றிக் கொடுத்தாள். ஒருவருக்கொருவர் ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொள்ளாமல் நான்கு பதார்த்தங்கள் செய்து முடித்தார்கள்.

மேசையில் உட்கார்ந்ததும் எல்லோரும் சென் அக்காவைப் பார்த்தோம். ஹாவ் நகத்தை வாயில் வைத்தான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவளிடம் சொல்லுங்கள். இந்த வாணலி ஒன்றுக்கும் உதவாது. கல்யாணத்துக்கு வரும்போது ஊரிலிருந்து நல்லதாக ஒன்று கொண்டுவருகிறேன். அந்தப் போர்வையைத் துவைக்கக் கூடாது, வெயிலில்தான் போட வேண்டும். இந்த ஊரில் வெயில் எப்போது வரும் என்று கேளுங்கள்."

நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

"இப்ப என்ன சொல்லுறா மச்சான்?" என்றார் சிவநேசன். "ஓமோ, இல்லையோ?"

"ஓம்தான்."

மதுராவின் உதடு குவிந்தது. அந்தச் சொல் பல் வரை வந்துவிட்டதை நான் பார்த்தேன். அவள் அதை அப்படியே நிறுத்தி, மீன் கிண்ணத்தை எடுத்து, சென் அக்காவின் தட்டில் பெரிய துண்டு ஒன்றைக் கேட்காமல் வைத்தாள். சென் அக்கா வேண்டாம், வேண்டாம் என்று தட்டைக் கையால் மூடினார். மதுரா அந்தக் கையை ஒதுக்கிவிட்டு இன்னொரு துண்டு வைத்தாள்.

"பிள்ளை இப்பத்தான் சாப்பாடு போடப் பழகுது" என்றார் சிவநேசன்.

சென் அக்காவும் லீயும் கிளம்பிய மறுநாள் எனக்குப் பயணம். சிவநேசன் கடைக்குப் போயிருந்தார்; மதுரா என்னோடு கிங்ஸ்பரி ஸ்டேஷன் வரை நடந்து வந்தாள். தேவி கட்டிக் கொடுத்த மாசிக் கருவாட்டுத் தூளும் மிளகாய்த் தூளும் பெட்டியில் கனத்தன. படிக்கட்டுக்கு முன்னால் அவள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு வாரம் இந்த ஊர்க் காற்றில் இருந்ததன் விளைவு, என் வாயில் தன்னால் வந்துவிட்டது. "தேங்க்யூ மா."

மதுரா இரண்டாம் படியில் நின்று திரும்பினாள். தமிழிலேயே கேட்டாள்.

"நான் என்ன பஸ் டிரைவரோ, மாமா?"

தோளில் கிடந்த பையையும் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு கீழே இறங்கினேன்.